மெதுவாக அழுத்தினால்

"பிரேக்கு பெடலு ஒரு வாட்டி நிக்குது மேஸ்திரி, ஒரு வாட்டி கீள போயிடுது" என்று டிரைவர் கரியப்பன் சொன்னபோது வெங்கடசாமி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

நாலு வருஷத்துக்கு முன், ஐம்பத்து மூன்றாம் வருஷத்து மாசி மாதத்தில், இதே கிருஷ்ணகிரி பஸ் ஷெட்டில் நின்று டிரைவர் ராமப்பன் சொன்னதும் இதேதான். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதைச் சொன்ன மூன்றாம் நாள் ராமப்பன் செத்துப்போனான்.

அன்றைக்கும் வெங்கடசாமிதான் பஸ் கம்பெனியின் பெரிய மேஸ்திரி. சக்கரங்களைப் பார்த்தார், பிரேக் ஆயில் எங்கும் கசியவில்லை. ஏறி உட்கார்ந்து பெடலை ஓங்கி மிதித்தார். கல்லுமாதிரி நின்றது. "ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போ" என்றார். "இல்லீங்க மேஸ்திரி, இறக்கத்துல மெதுவா..." என்று ராமப்பன் ஆரம்பித்தான். அதற்குள் இன்னொரு வண்டி ஹாரன் அடிக்க, அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

மேலுமலை இறக்கத்தில் பஸ் பள்ளத்தில் கவிழ்ந்தது. ராமப்பனும், அவனுக்குப் பின் சீட்டில் இருந்த, அதே ஊர்க்காரனான முனிவேல் என்ற இளைஞனும் இறந்தார்கள். சேதி கேட்டு ஓடிப்போய் ராமப்பனை வெளியே இழுத்தவர்களில் வெங்கடசாமியும் ஒருவர். இழுக்கும்போது அவன் வலது கால் மட்டும் மடங்கவே இல்லை. விறைத்து நீண்டு, பெடலைத் தரைப்பலகையோடு பலகையாக அழுத்திக்கொண்டிருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரியும் பெடலை ஓங்கித்தான் மிதித்தார். பிரேக்கில் குற்றமில்லை, டிரைவர் கண்ணயர்ந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டு போனார். வெங்கடசாமி வாய் திறக்கவில்லை. அதிகாரியே சொன்ன பிறகு நமக்கென்ன என்று இருந்துவிட்டார்.

ஆனால் அந்தக் கால் அவரை விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவருடைய வலது பாதம் தானாகத் தரையை அழுத்தும். கிணற்றுப் படியில் இறங்கினால் மிதித்த கல் உள்ளே அமிழ்வதுபோல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "யார மிதிக்கிறீங்க?" என்று மனைவி லட்சுமியம்மாள் ஒருமுறை கேட்டாள். அவர் காலை இழுத்துக்கொண்டு எழுந்துபோனார். அவளும் பிறகு கேட்கவில்லை.

இப்போது கரியப்பன் எதிரே நிற்கிறான். வெங்கடசாமி வண்டியடியில் படுத்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார். ஈரமில்லை. டப்பாவில் ஆயில் மட்டம் குறையவில்லை. குழாயில் காற்று இருக்குமோ என்று நாலு சக்கரத்திலும் ஆயிலைக் கொஞ்சம் வெளியே விட்டுப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. ஏறி உட்கார்ந்து ஓங்கி மிதித்தார். கல்.

"நீங்க ஓங்கி மிதிக்கிறீங்க மேஸ்திரி" என்றான் கரியப்பன். "இறக்கத்துல அப்புடி மிதிச்சா வண்டி பொரண்டுடாதா? மெதுவா அளுத்திப் புடிச்சிக்கினே வரணும். அப்பதான் கீள போவுது."

வெங்கடசாமி பாதத்தைப் பெடல்மேல் வைத்தார். முட்டையை மிதிப்பதுபோல் மெல்ல அழுத்தி, எடுக்காமல் பிடித்துக்கொண்டார். முதலில் நின்றது. வெற்றிலையை மடித்து வாயில் போடும் நேரம் போயிருக்கும். பிறகு பெடல் இறங்க ஆரம்பித்தது. சத்தமில்லை, உதறலில்லை. ஏரிச் சேற்றில் கால் போவதுபோல் இறங்கிப் பலகையைத் தொட்டது. தன் பாதத்தின்மேல் வேறொரு பாதம் இருந்து சேர்ந்து அழுத்துவதாக அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"பாத்தீங்களா?" என்றான் கரியப்பன்.

ஆயில் வெளியே போகவில்லை என்றால் உள்ளேயே நழுவுகிறது. வெங்கடசாமி மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினார். பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்புவது அதுதான். உள்ளிருந்த ரப்பர் வாஷர் புதிதாகவே இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் அவரே போட்டது. சிலிண்டரின் உள்சுவரில் விரலை விட்டுத் தடவினார். ஓரிடத்தில் நகம் சிக்கியது. தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல். ஓங்கி மிதித்தால் ரப்பர் விரிந்து அதை அடைத்துக்கொள்ளும். மெல்ல அழுத்தினால் ஆயில் அதன் வழியே நழுவிப் பின்னால் போய்விடும்.

சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தார். அடியில் உளியால் குத்திய எண் இருந்தது. ராமப்பன் வண்டியின் எண். அந்த வாஷரைப் போட்ட அன்றுதான், மதராஸிலிருந்து புதுச் சாமான் வர நாளாகும் என்று, கவிழ்ந்த வண்டியிலிருந்து எடுத்து வைத்திருந்ததை இவர்தான் கரியப்பன் வண்டியில் மாட்டினார். குற்றமில்லாதது என்று அதிகாரியே சொன்ன சாமான்தானே.

புதுச் சிலிண்டர் வரும்வரை வண்டியை வெளியே விட மறுத்துவிட்டார். மானேஜர் கத்திப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் குரல் தணிந்துவிட்டது. "முடிஞ்சுபோன கேஸ். எதுக்குத் தோண்டறீங்க?" என்றார். ஒன்பதாம் நாள் புதியது வந்தது. மாட்டி, ஆயில் குழாயிலிருந்த காற்றை எடுத்து, கரியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து மேலுமலையில் இறங்கிப் பார்த்தார். அடிவாரம்வரை பெடல் அசையவில்லை.

அங்கேயே இறங்கி, வண்டி மாறி, ராமப்பனின் ஊரான உத்தனப்பள்ளிக்குப் போனார்.

ராமப்பனின் மனைவி கெம்பம்மா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ராமப்பன் சொல்ல வந்ததைத் தாம் காது கொடுத்துக் கேட்காமல் போனதையும் விடவில்லை. கெம்பம்மா முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்ப அவரு தூங்கலியா?"

"இல்லம்மா. கடைசிவரைக்கும் மிதிச்சிக்கினுதான் இருந்தாரு. கால நானே பாத்தேன்."

"அன்னிக்கே பாத்தீங்களா?"

"ஆமா."

"நாலு வருசமா வெச்சிக்கினு இருந்தீங்களா?"

கெம்பம்மா அழவில்லை, திட்டவுமில்லை. எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? எம் புருசன் தூங்குற ஆளில்லன்னு எனக்குத் தெரியாதா? பெரிய தெருவுல முனிவேலு ஆத்தா இருக்குது. எம் புருசன் தூங்கித்தான் அவன் செத்தான்னு, அவுங்க தோட்டத்துல எனக்கும் எம் புள்ளைங்களுக்கும் வேல இல்லாமப் போயி நாலு வருசம். நான் எதுருல வந்தா மண்ண வாரித் தூத்துது. அங்க வந்து சொல்லுங்க" என்றாள்.

முனிவேலின் தாய் பூவம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மகனின் பெயரை எடுத்ததும் வாளி அப்படியே நின்றது. வெங்கடசாமி மறுபடி முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் முறை சொல்வது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இருக்கவில்லை.

"அப்ப எம் மவனக் கொன்னது நீயா?" என்றாள் பூவம்மாள்.

"ஆமாங்கம்மா. அந்தக் கீறலும், நான் கேக்காம வுட்டதும்."

அவள் அவரை அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் அவரைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்தாள். அங்கே, இந்தத் தெருவுக்குள் வராமல், கெம்பம்மா நின்றுகொண்டிருந்தாள். பூவம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள்.

கெம்பம்மா நின்ற இடத்தைவிட்டு ஒரு அடியும் எடுத்து வைக்கவில்லை. மீதி வழியும் அவளே வரட்டும் என்று காத்திருந்தாள்.