ஆரோக்கியம் அண்ணனும் அந்தப் பழைய ரேக் யூனிட்டும்

ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, திண்டுக்கல்லில், நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல்வரைகூடப் போகவில்லையாம்.

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. ஃபேஸ்புக்கில் அண்ணன் படத்தைப் போட்டு "என் வலது கையை இழந்தேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன். நாங்கள் இருந்த மெல்லிசைக் குழுவின் மாஸ்டர், கீபோர்டு வாசிப்பவர், குழுவே அவருடையதுதான்.

வலது கையாம்... எழுதுகிற விரலாவது கொஞ்சம் கூசியிருக்கலாம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் பகலில் மில்லில் ஃபிட்டர், கச்சேரி என்றால் எங்கள் கிடாரிஸ்ட். நான் அந்தக் குழுவின் பெண் குரல். தொண்ணூறுகளில் நத்தம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று ஒரே வேனில் நெருக்கியடித்துக்கொண்டு போனவர்கள் நாங்கள்.

சாந்தமான மனிதர் என்றெல்லாம் யாரும் கமெண்ட் போடாதீர்கள். சிடுமூஞ்சி. தெரியாமல் அவர் ஒயரை மிதித்துவிட்டால் ஊர் திரும்புகிறவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள்... மதுரையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவை மூடுகிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கிடாருக்கு எக்கோ கொடுக்கிற பெட்டி ஒன்று வாங்க வேண்டும்.

"எனக்குக் கிடாரப் பத்தி என்னண்ணே தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரிய வேணாம் ஆத்தா. நீ பாடு, போதும்."

அங்கே இரண்டு பெட்டிகள். ஒன்று புதுசு, பட்டனைத் தட்டத் தட்ட விதவிதமான சத்தம். இன்னொன்று எண்பதுகளில் ஜப்பானில் செய்த ரேக் யூனிட்... அலமாரித் தட்டு மாதிரி நீளமாக, குமிழெல்லாம் தேய்ந்து, எழுத்தெல்லாம் அழிந்து. விற்கிறவரே "அது பழசு சார், புதுச எடுங்க" என்றார்.

அண்ணன் கேட்கிற ஆளா? இரண்டிலும் மாற்றி மாற்றி வாசித்தார். நான் ஒரே பல்லவியைப் பாடிப் பாடித் தொண்டை வறண்டுவிட்டது.

புதுப் பெட்டியின் எக்கோ பளிச்சென்று திரும்பி வந்து என் வார்த்தை மேலேயே விழுந்தது. பழையதில் சத்தம் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கொஞ்சம் மங்கி, பின்னால் ஒதுங்கிக்கொண்டது.

"பாத்தியா... இது ஒனக்கு வழி விடுது. இதான்" என்றார். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை.

ஜப்பான் கரண்டுக்குச் செய்த பெட்டி, நம் ஊர் கரண்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும். அதற்கென்று ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்ற வைத்தார். மரச்சட்டம் அடித்து ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார வைத்தார். வேனில் அதற்குத் தனி சீட்டு, நாங்கள் நின்றுகொண்டு போனோம்.

அந்தச் சமயத்தில்தான் மாஸ்டர் புது கீபோர்டு வாங்கினார். ஒரு ஃப்ளாப்பியைச் செருகினால் டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாவற்றையும் அதுவே வாசித்துவிடும்.

நத்தம் பக்கம் ஒரு கோயில் திருவிழா. ரேக் யூனிட் மேடையேறிய முதல் கச்சேரி. ஆண் குரல் தனியாகப் பாடும்போது, என் மைக்கில் ஏதோ கிறீச்சிடுகிறது என்று சொல்ல நான் கீழே, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பக்கம் போனேன்.

அங்கே நின்று கேட்டால் கிடார் கேட்கிறது. ஆனால் அது அண்ணன் இல்லை. அவர் மேடையில் கண்ணை மூடி உருகி உருகி வாசிக்கிறார்... ஸ்பீக்கரில் ஃப்ளாப்பி வாசிக்கிறது. மிக்ஸரில் அண்ணனுடைய லைனை அடியோடு இறக்கி வைத்திருந்தார்கள்.

"மாஸ்டர்தான்க்கா சொன்னாரு" என்றார் மைக்செட்காரர். "அண்ணன் மனசு நோகக் கூடாதுன்னு அவரு காலடி ஸ்பீக்கர்ல மட்டும் விட்டுருக்கோம்."

மனசு நோகக் கூடாதாம்!

மேலே போய் அண்ணன் காதில் சொன்னேன். நம்பவில்லை. "சும்மா இரு, எனக்குக் கேக்குதுல்ல" என்றார்.

"ஒங்களுக்கு மட்டுந்தாண்ணே கேக்குது. சனத்துக்குக் கேக்கல."

அண்ணன் வாசிப்பை நிறுத்தினார். ஆம்ப்ளிஃபயரை ரேக்கோடு சேர்த்து இழுத்து வந்து, மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்து வைத்தார். வால்யூமைத் திருகினார்.

அடுத்து என் பாட்டு. ஃப்ளாப்பி கிடாரும் அண்ணன் கிடாரும் முட்டிக்கொண்டு ஒரே இரைச்சல். மாஸ்டர் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து முறைக்கிறார்.

நான் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கிலேயே சொன்னேன். "மாஸ்டர், ஃப்ளாப்பிய எடுங்க. அண்ணன் வாசிக்கட்டும்."

கூட்டத்தில் விசில். எடுத்துத்தானே ஆக வேண்டும்? டிரம்ஸ் போச்சு, பேஸ் போச்சு. என் குரல், அண்ணன் கிடார், அந்த எக்கோ... என் ஒரு வார்த்தையைக்கூட அது இடிக்கவில்லை. விசிலடித்தவர்கள் அப்படியே உட்கார்ந்து கேட்டார்கள்.

அடுத்த கச்சேரிக்கு எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் வேன் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. வலது கையை அவர் இழந்த கதை இதுதான். வெட்டிப் போட்டதே அவர்.

அண்ணன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. மாஸ்டரிடம் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று கூப்பிட்டால், "விடு ஆத்தா, அன்னைக்கு வாசிச்சாச்சுல்ல" என்று முடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டார். எனக்கு அப்படி விடத் தெரியாது.

மத்தியானம் மாஸ்டர் எனக்கு போன் பண்ணினார். இசை அஞ்சலி நடத்துகிறாராம். அன்றைக்குப் பாடிய அதே பாட்டை நான் வந்து பாட வேண்டுமாம்.

"கிடார் யாரு மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"டிராக் இருக்கும்மா. கிடாரெல்லாம் அதுலயே வந்துரும்."

போனை வைத்துவிட்டேன்.

அண்ணே... நாளைக்கு அடக்கத்துக்கு வாரேன். ஆனா பாட மாட்டேன். நீங்க வாசிக்காம அந்தப் பாட்ட நான் இனி யாருக்கும் பாடுறதா இல்ல.

போயிட்டு வாங்கண்ணே.