நல்ல கிருமி தந்த டாக்டர்

மல்லசமுத்திரம் பக்கம் என் மகள் நடத்தும் பண்ணையில் தினமும் கோழிகள் செத்து விழுந்தன. அவள் சோற்றையும் தூக்கத்தையும் விட்டிருந்தாள். அப்போதுதான் அந்தக் கோழி டாக்டர் வந்தார். குட்டையான, வழுக்கைத் தலை மனிதர். எந்தப் பண்ணைக்குப் போனாலும் முதலில் தீவன மக்காச்சோளத்தை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பாராம். எங்கள் சோளத்தை மோந்ததும் தும்மினார்.

செத்த கோழியை அறுத்து, வெளிறி வீங்கிய ஈரலைக் காட்டினார். “சோளத்துல பூஞ்சை நஞ்சுங்க. இந்த மூட்டைகள ஒதுக்கிருங்க. நல்ல பாக்டீரியா தாரேன், தண்ணியில கலந்து குடுங்க. உள்ள போற நஞ்ச அது புடிச்சு, எச்சத்தோட வெளிய தள்ளீரும்.”

“நாமளே கிருமியக் குடுக்கறதுங்களா?” என்று பதறினேன்.

“நீங்க எனக்குக் குடுத்த மோர்ல இருந்தது என்னங்கம்மா?” என்றவர், மகளிடம் திரும்பினார். “டேங்குல பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கீங்களா?”

“நோய்னு பயந்து ரெண்டு பங்கு போட்டேனுங்க.”

“விருந்தாளியக் கூப்பிட்டுட்டு வாசல்ல நாய அவுத்து உட்டிருக்கீங்களே சாமி. அந்தத் தண்ணியில இது செத்துப்போயிருமுங்க.”

பல நாட்களுக்குப் பிறகு என் மகள் சிரித்தாள். தொட்டியைக் கழுவ எழுந்து போனாள்.

வண்டியில் ஏறும்போது அவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: “கோழிங்க தேறிக்குமுங்க. புள்ளையக் கொஞ்ச நாளைக்குத் தனியா உடாதீங்க.”

அவள் தன்னை ஏதாவது செய்துகொள்வாளோ என்ற பயத்தை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவள் முகத்தில் அவர் எதைக் கண்டார் என்று இன்றும் தெரியவில்லை. கோழிகள் சாவது மெல்ல நின்றது. நான்தான் அவளை விட்டு விலகவில்லை.

இன்று காலை, “பின்னாலயே வராதம்மா” என்று சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவரை மனதுக்குள் கும்பிட்டேன்.