கோட்டை மேட்டுப் பாதை

கிள்ளானில் ஆற்றுக்குப் பக்கத்துக் குன்றின் மேல் அப்போது ஒரு பழைய மண்கோட்டை இருந்தது. மலாய் ராஜாக்கள் சண்டையிட்ட காலத்தில் எழுப்பியது என்பார்கள். நாங்கள் போனபோது ஆளுயர மதில் மட்டும்தான் மிச்சம்; அதிலும் லாலாங் புல் மண்டிக் கிடந்தது. குன்றின் அடியில் சாலைக் கூலிகள் குடியிருந்த வரிசை வீடுகள், லயம். என் வீட்டுக்காரருக்குச் சாலை போடும் வேலை.

என் மூத்த மகள் பிறந்து பதினாறு நாள்தான் இருந்தாள். காய்ச்சல். இடுகாடு தொலைவு, மழையும் விடவில்லை. அவரே மதிலோரத்தில் குழி வெட்டினார். நான் நிலைப்படியைத் தாண்டவில்லை. இடத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்: கோட்டை வாசலிலிருந்து நாலு எட்டு.

இரண்டு வருஷம் கழித்துக் கோட்டையை இடிக்கப்போவதாகப் பேச்சு வந்தது. பிறகு துரை வந்து பார்த்துவிட்டு, இடிக்க வேண்டாம் என்றார். மதிலைச் சீர்செய்து, புல் பதித்து, ஓரமாகப் பாதை போட்டு, ஊர்க்காரர்கள் மாலையில் உலாவ பெஞ்சு வைக்கலாம் என்று முடிவானது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மதில் தப்பித்தால் அவளும் தப்பித்தாள் என்று நினைத்தேன்.

பாதைக்கு முளை அடித்த அன்று அவர் சோற்றைத் தொடவில்லை. அது அவள் மேலேயே போகிறது. கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி, கூலிகளை மேய்க்கும் மண்டோரிடம் கேட்டிருக்கிறார். மண்டோர் நல்ல மனுஷர், துரையிடம் பேசியும் பார்த்தார். பக்கத்தில் சரிவு, தள்ளிப்போட இடமில்லை என்று பதில் வந்ததாம்.

மறுநாள் அந்த இடத்தை அவர் வேறு யாரையும் வெட்ட விடவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவினார்.

"இருந்துச்சாங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல புள்ள. வெறும் மண்ணுதான்."

நம்பினேன். பல மாதம் கழித்து, அவரோடு கல் சுமந்த பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்.

"புள்ள கையில கெடந்த கறுப்பு வளையல் கெடச்சுதும்மா. தம்பி அத துண்டுல முடிஞ்சு, இன்னும் ஆழமா தோண்டி அங்கேயே வச்சிருச்சு. ஒங்கிட்ட சொல்லாதீங்கன்னுச்சு."

நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பொய்யையும் அவரிடமிருந்து பிடுங்கியதாகிவிடும்.

பாதை அழகாக அமைந்துவிட்டது. சாயங்காலத்தில் ஊர்க்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகவும் அதுவே குறுக்கு வழி. லயத்துப் பெண்கள் அதில் போவார்கள். நான் மேடேறினால் கால் வலிக்கும் என்று சொல்லிவிட்டு, கூடையோடு குன்றைச் சுற்றிக்கொண்டு போவேன்.

ஒருநாள் அந்தச் சுற்றுவழியில் எதிரே அவர் வந்தார். வேலைத்தலத்திலிருந்து வீட்டுக்குப் பாதை வழியே வந்தால் பத்தே நிமிஷம். இருவரும் நின்றோம். அவர் என் கூடையை வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி முன்னால் நடந்தார்.