விசிட்டுக்கு முந்தின நாள் மூடிய குழிகள்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் முன்னால் பேச எனக்கு வாய் வராது. அதனால் புதிதாகத் தோட்ட வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. வெள்ளைக் கோடு

எனக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பூங்காவில் ஒப்பந்தப் பணியாளன். புல் வெட்டுவது, ஹோஸ் பிடிப்பது, நடைபாதையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பாதை பூங்காவைச் சுற்றிப் பின்பக்கம் கண்மாய்க் கரையை ஒட்டிப் போகும். மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் அதில்தான் இறங்கும். மண் அரித்துக் குழி விழும்.

அதிகாரிகள் விசிட் வந்தால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குழிகளில் செம்மண் கொட்டி இடித்துவிடுவோம். உடைந்த பெஞ்சை மறைத்துப் பூந்தொட்டிகளை வைப்போம். பாதையின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக் கோடு போடுவோம். வருகிறவர்கள் வாசல் கேட்டுப் பக்கம் நின்று பார்த்து, "நல்லாத்தானய்யா வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார்கள். எங்களுக்குப் பெருமையாக இருக்கும். அடுத்த மழையில் செம்மண் போய்விடும். பராமரிப்புக்குப் பணம் கேட்டால், பூங்கா நன்றாகத்தானே இருக்கிறது என்று பதில் வரும்.

2. பேச்சியம்மாள் அக்கா

அக்கா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறவர். சர்க்கரை இருக்கிறது, நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஷிப்ட் முடிந்ததும் கூட வேலை பார்க்கும் பெண்களோடு பூங்காவுக்கு வருவார். மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே எங்கே நடப்பது?

ஒருநாள் அவர்களில் ஒரு பெண்ணுக்குக் குழியில் விழுந்து கால் பிசகிவிட்டது. நகராட்சி ஆபீசில் பின்பக்கப் பாதையைப் பூட்டிவிட முடிவு செய்தார்கள். சூப்பர்வைசர் சங்கிலியோடு வந்தார்.

"சார், காலு பிசகுனா கட்டு போடுவியளா, இல்ல காலையே கட்டிப் போட்டுருவியளா?" என்றார் அக்கா.

"ஃபண்டு இல்லம்மா. நான் என்ன, எங்க வீட்லயிருந்தா கொண்டாரட்டும்?"

"ஒங்க வீட்டுக்காசு எதுக்கு? நாங்க வரி கட்டுதோம்லா, அதுலதான் கேக்கோம்."

அதன் பிறகு அந்தப் பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், ஷிப்ட் விட்டு நேராக ஆபீசுக்குப் போய் நின்றார்கள். வரச் சொன்ன நாளெல்லாம் போனார்கள். கடைசியில் பெரிய அதிகாரி, நானே வந்து பார்த்துவிட்டுப் பூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன் என்றார்.

3. முந்தின நாள்

யாரும் சொல்லாமலே நான் எல்லாக் குழியையும் மூடிவிட்டேன். கோடும் போட்டேன். சாயங்காலம் அக்கா வந்தார்.

"ஏலே கருப்பசாமி, என்னலே செஞ்சு வச்சிருக்க?"

"நாளைக்கு ஆபீசர் வாராருல்லாக்கா. அசிங்கமா இருக்கக் கூடாதுல்லா."

"நாசமாப் போச்சு! எம்புட்டு நாளா அலையுதோம். குழிய நீ மூடிட்டா நான் எதக் காட்டிக் கேக்கது? ஒன் பவுடரு கோட்டயா?"

"அண்ணன் கோலம் நல்லாத்தான் போட்டிருக்காவ" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"திரும்பத் தோண்டுனா சூப்பர்வைசர் என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவாருக்கா."

"நாங்க தோண்டுனோம்னு சொல்லு. பொய் ஒண்ணும் இல்ல, நாங்கதான் தோண்டப் போறோம்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாள் முழுக்க மில்லில் நின்ற கால்களோடு மண்ணை அள்ளினார்கள். செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நானும் மண்வெட்டியை எடுத்தேன்.

மறுநாள் சூப்பர்வைசர் பாதையைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு இருக்குலே" என்று பல்லைக் கடித்தார். அதிகாரி வாசல் கேட்டுப் பக்கமே நின்றார்.

"இங்கன நின்னா ஒண்ணும் தெரியாது சார். எங்க கூட ஒரு சுத்து நடங்க" என்றார் அக்கா.

நடந்தார். கண்மாய்க் கரைத் திருப்பத்தில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டுதான் அவரால் குழியைத் தாண்ட முடிந்தது. "இத யாரும் சரி பண்றதே இல்லையா?" என்று கேட்டார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"அந்தா நிக்காரே, அவருதான் மழைக்கு மழை மண்ணு சுமக்காரு. மண்ணு நிக்க மாட்டேங்கு. ஓரத்துல வாய்க்கா வெட்டணும், கப்பிக்கல்லு போடணும். வருசா வருசம் இதுக்குன்னு துட்டு ஒதுக்கணும் சார். ஒரு தடவ குடுத்துட்டு மறந்துரக் கூடாது" என்றார் அக்கா.

அதிகாரி என்னைப் பார்த்தார். "ஆமாய்யா" என்று மட்டும் சொன்னேன்.

பாதையைப் பூட்டவில்லை. வாய்க்கால் வந்தது, கல் வந்தது. பராமரிப்புக்கென்று வருடாவருடம் தனியாகப் பணம் ஒதுக்கவும் உத்தரவானது. சூப்பர்வைசர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். பின்பக்கத்துக்குக் கேட்ட விளக்கு மட்டும் கிடைக்கவில்லை. "பொறவு அதுக்குப் போவோம்" என்றார் அக்கா.

4. தெரிந்துகொண்டது

கேட்பது கேவலம் என்று நினைத்தே இத்தனை வயது கழித்துவிட்டேன். அந்தப் பெண்கள் கோபப்படாமல், கூசாமல், பொதுப் பணத்தைப் பொது இடத்துக்குக் கேட்டார்கள். அவர்களை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. குறையைச் சரி செய்வது நம் வேலைதான். ஆனால் பணம் கொடுக்க வேண்டியவர்களுக்கு அதை முதலில் காட்டுங்கள்.

போன வாரம் விளக்குக்காக ஆபீசுக்குப் போனோம். நான் பின்னால்தான் நின்றேன். "இவரு சொல்லுவாரு சார்" என்று அக்கா என்னை முன்னே தள்ளிவிட்டார்.

"பின்பக்கம் இருட்டா இருக்குய்யா. இவியளால நடக்க முடியல" என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்,
புரட்டாசி முதல் சனிக்கிழமை.