பழைய பிளக்கைக் காட்டுங்க

கோட்டைமேட்டுச் சந்தில் அப்துல் வஹீதின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்து யார் ஸ்பார்க் பிளக் கேட்டாலும், அவன் மனைவி சாஜிதா பேகம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பழசைக் கொண்டாந்தீங்களா?"

பழசு இல்லையென்றால் புதுசு கிடையாது. இப்படியும் ஒரு வியாபாரமா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். வஹீதுக்கு மூக்குக்கு மேல் கோபம். அவன் வாய்க்குப் பயந்து ஓடிய வாடிக்கையைத் திருப்பிக் கொண்டுவரத்தான், பத்து நாள் என்று சொல்லி அவள் கடையில் உட்கார்ந்தாள். பத்து நாள் ஆறு வருஷமாகிவிட்டது. ஆரம்பத்தில் கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்தாள். அப்படிக் கொடுத்த ஒரு பிளக்கின் திருகு மரை நீளம் கூடிப்போய், மொபெட்டின் பிஸ்டனில் இடித்தது. பால்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளுக்குச் சுட்டது.

அன்றிலிருந்து இந்தச் சட்டம். பழைய பிளக்கின் முனையைப் பார்ப்பாள், நகத்தால் சுரண்டுவாள், மோந்து பார்ப்பாள். டீ நிறத்தில் இருந்தால் எஞ்சினில் குறையில்லை. ஈரமாக மினுங்கினால் ஆயில் அதிகம். வெளுத்திருந்தால் சூடு அதிகம். மெக்கானிக்குகளே சந்தேகம் கேட்டு ஆள் அனுப்பினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்று நாலு மே மாதம், கருமத்தம்பட்டியிலிருந்து அப்புசாமி வேர்த்து விறுவிறுக்க வந்தார். கிணற்று மோட்டார் கருகி ரீவைண்டிங்குக்குப் போயிருந்தது. ஒன்றரை ஏக்கர் தக்காளி பூவும் பிஞ்சுமாய் வாடிக்கொண்டிருந்தது. மச்சானிடம் இரவல் வாங்கிய எஞ்சினில் குட்டைத் தண்ணீரை இறைத்தார். கால் மணி நேரம் ஓடும், நின்றுவிடும். இரண்டு பிளக் மாற்றியும் அதே கதை.

"பெட்ரோல் எஞ்சினுங்களா?" என்று கேட்டாள் சாஜிதா.

"பெட்ரோல் ஊத்தித்தானுங்க கெளப்பறது."

"பழசைக் கொண்டாந்தீங்களா?"

"அதை எதுக்குங்க சொமந்துக்கிட்டு? மரை சேந்தாப் போதாதுங்களா?"

"போதாதுங்கண்ணா."

அப்புசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "காசு குடுக்கறவனுக்குச் சாமான் இல்லீங்கற கடையை இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஊர் திரும்பக் காந்திபுரம் பஸ் ஏறினார்.

"ஒண்ணை எடுத்துக் குடுத்திருக்கலாமில்ல? செடி காயுதுங்கறாரு" என்றான் வஹீது.

"இன்னொரு தப்பான பிளக்கோட போனா மட்டும் காயாதுங்களா?"

சொல்லிவிட்டாளே தவிர, மதியம் சாப்பிடும்போதும் அதே நினைப்பு. வெளியே வெயில் கொளுத்தியது. கொடுத்திருந்தால் ஒருவேளை அதுவே சரியானதாக அமைந்திருக்குமோ என்று மனசு அரித்தது. செடி போனால் அந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று பயந்தாள்.

மறுநாள் காலையில் அப்புசாமியின் மனைவி குழந்தையம்மாள் வந்தார். "அவரு வர மாட்டேனுட்டாருங்க அம்மணி. ரோசம்" என்றபடி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மூன்று பிளக். "இது எங்கண்ணன் எஞ்சினோட வந்தது. குப்பையில தேடி எடுத்தேன். இது ரெண்டும் இவரு வாங்கிப் போட்டது."

சாஜிதா செய்தித்தாளை விரித்து மூன்றையும் வைத்தாள். பிந்திய இரண்டும் சட்டியடிக் கரியாக இருந்தன. மோந்து பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, இது சீமெண்ணெயில ஓடுதுங்களா?"

"ஆமாங்க. பெட்ரோல்ல கெளப்பிப்போட்டு, சூடானதும் மாத்துவாரு."

அப்புசாமி சொன்னதில் பொய் இல்லை. பாதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"இந்த முதல் பிளக் முனை மழுங்கி, இடைவெளி கூடிப்போச்சுங்க. ஒழைச்சுத் தேஞ்சது. மத்த ரெண்டும் பைக்குக்கு உண்டானது. மரை ஒண்ணுதான், ஆனா சூட்டைச் சீக்கிரம் எறக்கிரும். சீமெண்ணெய் கரியைக் கக்கும். முனை சூடா இருந்தாத்தான் அந்தக் கரியை எரிச்சுத் தள்ளும்."

சரியான பிளக் கடையில் இருப்பு இல்லை. வர மூன்று நாளாகும். சாஜிதா எழுந்து பின்னால் போனாள். கரண்ட் போனால் கடைக்கு ஓட்டும் ஜெனரேட்டரும் சீமெண்ணெய் குடிக்கிற ஜாதிதான். அதன் பிளக்கைக் கழற்றித் தேய்ந்ததோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். மரையும் நீளமும் ஒத்துப்போயின. துடைத்து, இடைவெளி சரிபார்த்து, குழந்தையம்மாள் கையில் வைத்தாள்.

"கரண்ட் போனா?" என்றான் வஹீது.

"வேர்க்கும். வேர்த்தா என்னங்க?"

அந்த மூன்று நாளும் கரண்ட் போனது, வேர்க்கவும் செய்தது.

ஒரு மாதம் கழித்து அப்புசாமியே ஒரு கூடைத் தக்காளியோடு வந்தார். "மேக்காலப் பக்கம் பாதிப் பூ உதுந்துபோச்சுங்க. மிச்சம் நின்னுச்சு. அன்னிக்கே பழசோட வந்திருந்தா அதும் நின்னிருக்கும்."

"நானும் சீமெண்ணெயான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுங்கண்ணா."

அவர் சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே, ஜெனரேட்டரிலிருந்து அவள் கழற்றிக் கொடுத்த அதே பிளக்.

"இதும் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க, நல்லா ஓடுது. நீங்க ஒருக்காப் பாத்துட்டா மனசுக்குத் திருப்தின்னு கழட்டியாந்தேன்."

சாஜிதா அதை வெளிச்சத்தில் பிடித்தாள். டீ நிறம். வஹீதைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்ததை அவன் பார்த்தான். அன்றைக்குப் பூராவும் அவன் யாரையும் திட்டவில்லை.