விடைப் பக்கங்கள்

புதுப் புத்தகம் வந்தால் முகர்ந்து பார்ப்பவர்கள் உண்டு. என் அண்ணன் பிளேடு தேடுவார். கணக்குப் புத்தகத்தைக் குப்புறப் போட்டு, கடைசியில் இருக்கும் விடைப் பக்கங்களை முதுகை ஒட்டி அறுத்தெடுப்பார். உரக்கடையில் மூட்டை பிரித்துப் பழகிய கை, பிசிறு இருக்காது. அறுத்த பக்கங்கள் கடையில் கல்லாவுக்கு அடியில் போய்ச் சேரும். இதைச் செய்யும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பொறுப்பு தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் மகளுக்கு அப்போது பத்து வயது. பட்டுக்கோட்டைப் பக்கம் அவர்கள் ஊர்ப் பள்ளி ஒன்றும் மோசமில்லை. ஆனால் இவள் மனதிலேயே கணக்கைப் போட்டு விடையை மட்டும் எழுதிவைப்பாள். வழிமுறை எங்கே என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். தெரிந்த ஒன்றை ஏன் நாலு வரிக்கு நீட்ட வேண்டும் என்று கேட்டதற்கு, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அண்ணனுக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்க மாட்டார். வீட்டிலேயே படிக்கட்டும் என்று நிறுத்திவிட்டார். மற்றப் பாடங்களை அண்ணி ஏற்றுக்கொண்டார். கணக்குக்கு ஏற்ற பாடத்திட்டத்தைத் தேடும் வேலை மட்டும், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பொறுமை உள்ளவள் என்று, தஞ்சாவூரில் இருக்கும் என் தலையில் விழுந்தது.

மாதிரிப் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பஸ் ஏறினேன். ஒன்றில் பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக வாசித்துக் காட்ட வேண்டும். இன்னொன்று வீடியோ. அதை என் போனில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அவள் நிறுத்தினாள்.

"இதுல யாரோ கை தட்டிக்கிட்டே இருக்காங்க அத்தை. யோசிக்க முடியல. பக்கத்துல யாரும் உக்காராம நானே படிக்கிற மாதிரி ஒண்ணு பாருங்க."

கடைசியில் அவளே பொறுக்கியது படமோ வண்ணமோ இல்லாத ஒன்று. சிறு விளக்கம், கொஞ்சம் கணக்கு, பின்னால் விடை. தப்பு வந்தால் எங்கே சறுக்கினோம் என்று தானே தேட வேண்டும். ஆசிரியர் என்று அதில் யாராவது இருந்தால் அது அந்த விடைப் பக்கங்கள்தான். அவற்றைத்தான் அண்ணன் முதல் நாளே அறுத்தார்.

"விடையக் கையில குடுத்தா எந்தப் புள்ள கணக்குப் போடும்? நான் போட்டனா?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பத்தாம் வகுப்பு வரை கைடைப் பார்த்தே எழுதித் தேறியவர், பாலிடெக்னிக்கில் வகையாக மாட்டிக்கொண்டு பாதியில் ஊர் திரும்பினார். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. மகளுக்கு அது வரக் கூடாது என்று பயந்தார்.

"அது நீங்க அண்ணே. அவ வேற" என்றேன். அறுத்த பக்கங்களைக் கடைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்தார்.

திருத்தும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஆற்றில் தண்ணீர் வந்து சம்பா நடவு தொடங்கியதும் உரக்கடையில் நிற்க இடமில்லை. அவர் வீடு திரும்பும் நேரத்தில் பிள்ளை தூங்கியிருக்கும். பின்னங்களில் ஓர் இடத்தில் பிசகியிருந்தாள். சொல்ல ஆளில்லாமல் அதே பிசகோடு பாடம் பாடமாகப் போய்விட்டாள். ஓய்ந்து உட்கார்ந்த அன்று அண்ணன் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுத் தள்ளினார். புத்தகம் சரியில்லை என்று முடிவுகட்டி வேறொன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். அது வந்ததும் பிளேடு. அதுவும் சரிப்படவில்லை என்று மூன்றாவது வந்தது. அதற்கும் பிளேடு.

பாடத்திட்டம் மாறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அவளும் மாறினாள். நான் போகும்போதெல்லாம் ஒவ்வொரு கணக்குக்கும் "சரியா அத்தை?" என்று கேட்க ஆரம்பித்தாள். கேட்கும்போது தாளைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். பின்னம் இன்றில்லாவிட்டால் நாளைக்கு வந்துவிடும். தன் விடை மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை போனால் எந்தப் புத்தகத்தை வாங்கி மீட்பது?

அப்படிப் போய்த் தங்கியிருந்த ஒரு நாள் அண்ணனோடு நன்றாகவே சண்டை போட்டேன். அண்ணியும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். மறுநாள் அவர் கடையிலிருந்து வந்து, யூரியா வாடை அடிக்கும் அந்தப் பக்கங்களை மகளின் மேசையில் வைத்தார்.

"இந்தா, இனிமே நீயே பாத்துக்க."

எனக்கு உயிர் வந்தது. அவள் அவற்றை ஓரம் தட்டி அடுக்கினாள். பிறகு அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"வேணாம்ப்பா. நான் பாத்தா தப்பா பாத்துடுவேன். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிள்ளை நேர்மையாக இருக்கிறாள் என்ற பெருமை அந்தப் பார்வையில் இருந்தது. நான் கைகழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

இப்போது அவள் மறுபடி பள்ளிக்குப் போகிறாள். ஒரு வழிமுறைகூட விடாமல் எழுதுகிறாள். கணக்கில் நல்ல மதிப்பெண். "பாத்தியா?" என்கிறார் அண்ணன்.

போன வாரம் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். பள்ளி விட்டு அவளும் வந்திருந்தாள். ஒரு பெரியவர் தன் நிலத்தின் அளவைச் சொல்லி, எத்தனை மூட்டை எடுக்கணும் என்று அவளிடமே கேட்டார். அவள் உதடு அசைந்து நின்றது. விடை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. எடை போட்டுக்கொண்டிருந்த அப்பா எப்போது நிமிர்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.