இரண்டாம் காதுகுத்து

"நோ! நோ! நெவர்!"

நெல் அறைக்குள்ளிருந்து அந்தக் குரல் அலறியது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. வெளியே நின்ற பேயாண்டியின் முகத்தில் கோபம் இருந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் இருந்தது. மூன்று வருஷமாகக் காலேஜுக்குக் கொட்டி அழுத பணம் இங்கிலீஷாக மாறி வீட்டுக்குள்ளே ஒலிப்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

"என்ன சொல்றான்?" என்று முற்றத்திலிருந்து கேட்டாள் அவர் மனைவி ஒச்சாயி. அவள் மறுநாள் விருந்துக்கு மல்லி இடித்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேங்கிறான்."

"அதைத் தமிழ்லயே சொல்லலாமே. அதுக்கா காலேசுல எழுபத்தாறு ரூவா கேக்குறாக?"

வாசலில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. வெட்டப்போகும் இரண்டு கிடாய்கள் கொல்லையில் அகத்திக்கீரை தின்றுகொண்டிருந்தன. சொந்தபந்தம் எல்லோருக்கும் வெற்றிலை பாக்கு வைத்தாகிவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை காதுகுத்து. பிள்ளையின் பெயர் முத்திருளன். வயது பத்தொன்பது. பி.ஏ. வகுப்புக் கடைசி வருஷம். அவனுக்கு ஏற்கெனவே மூன்று வயதில் ஒருமுறை காதுகுத்து நடந்து, ஊரே வந்து சாப்பிட்டுப் போயிருந்தது.

கோச்சடையில் இரண்டரை ஏக்கர் நஞ்சை வைத்திருந்த பேயாண்டிக்குக் காலேஜ் ஆசை எப்படி வந்தது என்பது கண்ணீர் வரவழைக்கும் கதை. ஒருமுறை தாலுகா ஆபீஸில் ஒரு சேவகன் அவரைப் பார்த்து, "நீ தள்ளி நில்லு" என்றான். அந்த "நீ" அவர் நெஞ்சில் ஈட்டியாகப் பாய்ந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் இரண்டு நாள் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, "எம் மகன் அந்த ஆபீஸ் நாற்காலியில உக்காந்து, அந்தச் சேவகனைத் தள்ளி நிக்கச் சொல்லுவான்" என்று சபதம் செய்தார். சேவகனுக்கு அப்போதே ஐம்பது வயது. பிள்ளை படித்து முடிக்கும்வரை அவன் வேலையில் இருப்பானா என்று சபதம் செய்கிறவர்கள் யோசிப்பதில்லை.

முதல் வருஷத்துக் காலேஜ் சம்பளத்தை, விலைக்குப் போன உழவு மாடுகள் கட்டின. இரண்டாம் வருஷத்துச் சம்பளத்தைக் கொல்லைத் தோட்டம் கட்டியது. தோட்டம் இன்னும் போக்கியத்தில் இருக்கிறது. மூன்றாம் வருஷம் நெல் விலை கிணற்றில் விழுந்தது. களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் கையில் காசில்லை. அந்தச் சமயம் பார்த்துக் காலேஜிலிருந்து கடிதம் வந்தது. படிப்புச் சம்பளம், புத்தகசாலைக்கு, பரீட்சைக்கு, விளையாட்டுக்கு என்று எல்லாம் சேர்த்து எழுபத்தாறு ரூபாய். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் கட்டாவிட்டால் பெயர் அடிக்கப்படும்.

"வெளையாட்டுக்கு எதுக்கு ஆறு ரூவா? இவன் என்ன வெளையாண்டான்?" என்று காலேஜ் குமாஸ்தா ஹாலாஸ்யத்திடம் போய்க் கேட்டார் பேயாண்டி.

"விளையாடாவிட்டாலும் கட்டணும் ஓய். மைதானம் இருக்கோல்லியோ?" என்றார் ஹாலாஸ்யம். அவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொன்னார். "ஏழைப் பிள்ளைகளுக்குப் பாதிச் சம்பளம். உங்க ஊர் முன்சீப்கிட்ட, 'இவர் பரம ஏழை'ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிண்டு வாரும்."

முன்சீப் ஒரு வரி கேட்டதற்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். பேயாண்டிக்கும் அவருக்கும் வாய்க்கால் தகராறு உண்டு. "மேற்படி பேயாண்டி சோற்றுக்கு வழியற்றவர், ஊரார் தர்மத்தை நம்பி உயிர் வாழ்பவர்" என்று அவர் சத்தமாக வாசித்துக்காட்ட, சாவடியில் இருந்த பதினைந்து பேரும் கேட்டார்கள். பேயாண்டி அந்தக் காகிதத்தை நான்காகக் கிழித்தார். பாதிச் சம்பளம் காற்றில் பறந்தது. மானம் மட்டும் முழுசாக வீடு திரும்பியது.

வந்தவர் ஒச்சாயியின் காதைப் பார்த்தார். அதில் தங்கத் தண்டட்டி தோள்வரை தொங்கியது. இப்படிப்பட்ட கட்டத்தில் தாயானவள் என்ன செய்ய வேண்டும்? கண்ணீர் பெருக, நடுங்கும் விரல்களால் நகையைக் கழற்றி, "என் பிள்ளையின் படிப்பைவிட இது பெரிதா?" என்று கணவன் கையில் வைக்க வேண்டும். பேயாண்டி கையைக்கூட நீட்டிவிட்டார்.

"கையை மடக்குங்க" என்றாள் ஒச்சாயி. "இது எங்கப்பன் போட்டது. ஒங்க சபதத்துக்கு ஒங்க காதை அறுங்க."

காது என்ற அந்த ஒரு சொல்தான் அவர் மண்டைக்குள் விளக்கேற்றியது.

முத்திருளனுக்குச் சின்ன வயதில் பழைய வழக்கப்படி காது குத்தி, பாரம் தொங்கவிட்டு, மடலை இழுத்து வளர்த்திருந்தார்கள். காலேஜில் சேர்ந்த முதல் மாசமே வகுப்பில் யாரோ ஒருவன் அவன் காது ஓட்டைக்குள் சாக்குக்கட்டியைச் செருகிவைத்தான். அன்று மாலையே பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு காதையும் வெட்டி ஒட்டித் தைத்துக்கொண்டு வந்துவிட்டான். "எங் குலத்தையே தச்சுப்புட்டானே!" என்று அப்போது மார்பில் அடித்துக்கொண்டவர் பேயாண்டி. இப்போது அதே காதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அது கடவுள் செயலாகத் தெரிந்தது. மூடின காதைத் திறக்க வேண்டாமா? திறந்தால் விசேஷம் வைக்க வேண்டாமா? விசேஷம் வைத்தால் மொய் வராதா?

இதில் அவர் பக்கம் நியாயமும் இருந்தது. சொந்தக்காரர் வீடுகளில் ஆறு பிள்ளை, எட்டுப் பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று இருபது வருஷமாக மொய் எழுதி அவர் கை தேய்ந்துபோயிருந்தது. தம் வீட்டிலோ ஒற்றைப் பிள்ளை. கொடுத்ததைத் திரும்ப வாங்க ஒரு விசேஷத்துக்கு வழியில்லை.

இப்போது வழி பிறந்துவிட்டது. வழிதான் நெல் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு இங்கிலீஷில் கத்துகிறது.

"ராசா, கதவத் தொறப்பா" என்று கெஞ்சினார் பேயாண்டி. "ஒரு நிமிசந்தாண்டா வலிக்கும்."

"வலிக்கா பயப்படுறேன்? மாமா மடியில உக்காரணும்ங்கிறீக. எனக்கு மீசை மொளைச்சிருச்சுய்யா!"

"மீசைய வேணா எடுத்துருவோம்."

உள்ளே ஏதோ மரக்கால் உருண்டது. ஒச்சாயி உலக்கையைச் சாத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"சரிப்பா, நீ தொறக்காத" என்றாள் கதவைப் பார்த்து. "பந்தலைப் பிரிச்சுர்றோம். கிடாய வித்துர்றோம். வெள்ளிக்கிழமையிலேருந்து ஒங்கய்யாவோட வயலுக்குப் போ. மடை தொறக்கக் காலேசு வேண்டாம்."

உள்ளே மரக்காலை நிமிர்த்திவைக்கிற சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

காதுகுத்துக்கு உயிரே தாய்மாமன்தான். அவன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அவன் கொண்டுவருகிற சீர்தான் சபையில் பெரிசாக இருக்க வேண்டும். ஒச்சாயியின் அண்ணன் நல்லகாமன் செக்கானூரணியிலிருந்து மேளதாளத்தோடு வந்து இறங்கினார். வட்டிக்குக் கொடுத்து வாங்குகிற மனிதர். காய்ந்த முருங்கைக்காய் மாதிரி உடம்பு. அந்த மடியில் பி.ஏ. கடைசி வருஷம் உட்கார்ந்தது.

"மருமகனே, முழுசா உக்காராத. பாதியைக் கால்ல தாங்கிக்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் நல்லகாமன்.

ஆசாரி ஊசியை எடுத்தார். பெண்கள் குலவையிட்டார்கள். ஊசி இறங்கியபோது "ஆத்தே!" என்று அலறியது மாமன்தான், பிள்ளை துள்ளியதில் அவருடைய தொடை எலும்பு பேசிவிட்டது. முத்திருளன் சத்தமில்லாமல் அழுதான். அவன் கண்ணீர் காதுக்காகவா, தெருக்கோடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த இரண்டு வகுப்புத் தோழர்களுக்காகவா என்று யார் கண்டார்கள்? "பச்சப் புள்ள, வலி தாங்கல" என்று பாண்டியம்மாள் என்கிற ஒன்றுவிட்ட அத்தை முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

சீர்த் தட்டை நல்லகாமன் சபை நடுவில் திறந்தார். வேட்டி, பழம், வெல்லம், அதற்கு நடுவே சிவப்புக் கல் பதித்த ஒரு ஜோடி தங்கக் கடுக்கன். கூட்டம் வாய் பிளந்தது. "முப்பது ரூவா பெறும்" என்று ஒருவர் சொன்னதை, "நாப்பது" என்று நல்லகாமனே திருத்தினார். கடுக்கன் ரத்தக் காதில் ஏறியது.

மொய்ப் பலகையில்தான் இடி விழுந்தது. ஆரம்பித்தவர் மலையாண்டி, பேயாண்டியின் பெரியப்பா மகன்.

"தம்பி, ஒரு பிள்ளைக்கு ஒரு காதுகுத்துதான் ஒலக வழக்கம். மொதக் காதுகுத்துக்கே முழு மொய் எழுதிட்டோம். இது மறுகாதுகுத்து. பாதிதான்" என்று சொல்லிவிட்டு, பத்து எழுத வேண்டிய இடத்தில் ஐந்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள். பேயாண்டி சாவடியில் வேண்டாமென்று கிழித்துப் போட்ட காலேஜின் பாதிச் சலுகையை, அவருடைய சொந்தக்காரர்கள் அவரிடமே வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டில் மட்டும் யாரும் பாதி கேட்கவில்லை.

மளிகைக் கடைக்கும் ஆசாரிக்கும் மேளத்துக்கும் போக மிஞ்சியது ஐம்பத்துநான்கு ரூபாய். குறைவது இருபத்திரண்டு. அந்த இருபத்திரண்டும் பிள்ளையின் இரண்டு காதிலும் ஆளுக்குப் பாதியாக மின்னிக்கொண்டிருந்தது.

கழற்றி விற்றால் தீர்ந்தது. ஆனால் தாய்மாமன் போட்டதை அவர் கண்ணெதிரே கழற்றினால் உறவு அறுந்துபோகும். அவர் கண் மறைய வேண்டும். அவரோ மறைவதாக இல்லை.

திங்கள்கிழமை போனது. நல்லகாமன் மிச்சக் கறியை வறுக்கச் சொல்லிச் சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை வைகையில் போய்க் குளித்துவிட்டு வந்து எலும்புச்சாறு கேட்டார். தினமும் காலையில் எழுந்ததும் மருமகனைக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் நிறுத்தி, கடுக்கனைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கினார். புதன்கிழமை ஒச்சாயி பொறுக்கமாட்டாமல் வாய் திறந்தாள்.

"அண்ணே, ஊருல வெள்ளாமை கெடந்து தவிக்குமே?"

"கெடக்கட்டும் தாயி. தங்கச்சி வீட்டுல ரெண்டு நாள் இருக்கக் குடுத்து வச்சிருக்கணும்ல?"

அன்று இரவு பேயாண்டி தூங்கவில்லை. அறையின் அந்தப் பக்கத்தில் மச்சான் விட்ட குறட்டை ஒவ்வொன்றும் மகன் பெயரை அடிக்கிற பேனாவின் கீறலாக அவர் காதில் விழுந்தது.

வியாழக்கிழமை விடிந்தது. காலேஜுக்கு நடக்க ஒரு மணி நேரம். முத்திருளன் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். காது வீங்கி, கண் சிவந்து, கையில் ஐம்பத்துநான்கு ரூபாய் முடிச்சோடு. மணி பத்தைத் தாண்டிவிட்டது. நல்லகாமன் நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"மாப்ள, எம்புட்டுக் குறையுது?" என்றார் தலை நிமிராமல்.

பேயாண்டி திடுக்கிட்டார். "என்னது மச்சான்?"

"மொய் எழுதுனப்ப நானும் பக்கத்துலதான இருந்தேன். மத்தியானம் கெடுன்னு மருமகன் சொன்னானே?"

பேயாண்டி மகன் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். "இருபத்திரண்டு" என்றார்.

"நான் போனதும் சேட்டுக் கடைக்கு ஓடுவீக. அவரு அவசரத்தைப் பாத்துட்டுப் பதினாறு குடுப்பாரு. நான் பதினெட்டு தாரேன். கழட்டிக் குடுங்க."

ஒச்சாயி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஏண்ணே, நீங்க போட்ட சீரை நீங்களே வெலைக்கு வாங்குறீகளா?"

"சபையில போட்டது போட்டதுதான் தாயி. அதை யாரும் மறக்கமாட்டாக. இப்ப இது ஏவாரம்."

"நாப்பது ரூவா பெறும்னு நீங்கதான சொன்னீக?"

"அது சபைக்கு."

"மூணு நாளு இதுக்காகவா காத்திருந்தீக?"

"மொதநாளே கேட்டிருந்தா மாப்ள முப்பது சொல்லியிருப்பாரு" என்றார் நல்லகாமன் வெகு சாந்தமாக.

"இருபத்திரண்டு. ஒரு தம்பிடி கொறைஞ்சாலும் நான் இந்த வீட்டுச் சோத்துக்கணக்கை எடுத்துருவேன். ஞாயித்துக்கிழமையிலேருந்து நீங்க தின்ன எலும்பு வரைக்கும் எண்ணி வச்சிருக்கேன்" என்றாள் ஒச்சாயி.

நல்லகாமன் தங்கையை ஏறிட்டுப் பார்த்தார். அவள் அவர் கூடப்பிறந்தவள் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மடியை அவிழ்த்து இருபத்தொரு ரூபாய் வைத்தார். இன்னொரு ரூபாயை எடுத்து மருமகன் நெற்றியில் திருநீறு பூசி அவன் கையில் வைத்து, "இது மாமன் ஆசீர்வாதம். நல்லாப் படி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பேயாண்டிக்கும் கலங்கியது. பாசம் அந்த வீட்டில் ஆறாக ஓடிய அந்த நேரத்தில், முத்திருளன் மட்டும் யாரையும் பார்க்காமல் இரண்டு கடுக்கனையும் தானே திருகிக் கழற்றினான். இடது காதில் மறுபடி ரத்தம் வந்தது. கடுக்கனை மாமன் உள்ளங்கையில் போட்டான். பணத்தை முடிச்சில் சேர்த்தான். நாலே எட்டில் தெருவைத் தாண்டிக் காலேஜை நோக்கி ஓடினான்.

நல்லகாமன் கடுக்கனை வேட்டி நுனியில் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப வாரேன் மாப்ள. வாரேன் தாயி."

வாசல்வரை போனவர் நிலையில் கை வைத்துத் திரும்பினார்.

"அடுத்த பணம் எப்பக் கட்டணும்?"

"தை மாசம் மச்சான். பெரிய பரீச்சைக்கு. இதைவிடக் கூடவாம்."

"சரி, சரி. அதுக்கு என்ன விசேசம் வைக்கப்போறீக?"

பேயாண்டி உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்தார். அவர் பார்வை வீட்டைச் சுற்றி வந்து ஒச்சாயியின் காதின் மேல் நின்றது.

"வண்டிக்கு நேரமாச்சுண்ணே" என்றாள் ஒச்சாயி. அண்ணன் படியிறங்கிய மறுகணம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.